மைக்கக்காவின் இருமல்

பேருந்து நிலையத்தில் மூன்றாவது மேடைக்கும் நான்காவது மேடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. உள்ளே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, வளைந்த கழுத்துள்ள ஒரு மைக், வழித்தட அட்டவணை, தலைக்கு மேலே ஒரு சின்ன மின்விசிறி. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்த நாற்காலியில் இருபது வருடங்களுக்கும் மேலாக உட்கார்ந்திருப்பவள் மைக்கக்கா. அவளைவிட மூத்த ஓட்டுநர்களுக்கும் அவள் அக்காதான்.

அவளுடையது தேன் குரல் ஒன்றும் இல்லை. ஆனால் தெளிவான குரல். "துறைமுகம்" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிறுத்துவாள். கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்க்க அந்த ஒரு நொடி போதும். பிறகுதான் "செல்லும் பேருந்து மூன்றாவது மேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்பாள். அந்த நிறுத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தானாக வந்தது.

போன வருடம் ஊழியர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. நர்ஸ் அவள் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தலை சுத்தலையா?"

"எனக்குச் சுத்தலைம்மா. என் நாற்காலிதான் சுத்தும்."

நர்ஸ் சிரிக்கவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி வைத்தாள். வயதான டாக்டர், அதிகம் பேசாதவர். ரத்தக்கொதிப்பு என்றார், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். மைக்கக்கா விடவில்லை. சமையலறையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துக்கொண்டாள். உப்பைக் குறைக்கச் சொன்னதும் அவர்தான் என்பதால், ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஞாபகம் வரும் என்று கணக்கு.

இருமல் வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. முதலில் அதை இருமல் என்றே சொல்ல முடியாது. தொண்டையின் அடியில் கோழி இறகை வைத்து யாரோ வருடுவது போல ஒரு கூச்சம். செருமினால் போய்விடும். பிறகு செருமினாலும் போகவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வெறும் வறட்டு இருமல். படுத்தால் வரும். சிரித்தால் வரும். போனில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் வரும். புகை பட்டால் மட்டும் சொல்லி வைத்தாற்போல வரும்.

கூண்டுக்குள் புகைக்குப் பஞ்சமில்லை. பேருந்துகள் பின்பக்கமாக வந்து மேடையில் நிற்கும். அப்போது புகைக்குழாய் நேராக அவள் ஜன்னலைப் பார்க்கும். கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போதே இன்ஜினைப் போட்டு உறும விடுவார்கள். கண்ணாடியில் சில்லறை நீட்டும் அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பயணிகள் குனிந்து அதில்தான் வழி கேட்பார்கள். அவர்கள் குனியாத நேரத்தில் அது வழியாகப் புகை உள்ளே வரும்.

இருமல் வருவதற்கு முன் ஒரு நொடி அவளுக்குத் தெரிந்துவிடும். இடது கட்டைவிரலால் மைக்கை அணைத்துவிட்டு, இருமி முடித்து, தண்ணீர் ஒரு மடக்கு குடித்து, மறுபடி போடுவாள். வெளியில் கேட்பவர்களுக்கு "பல்கலைக்கழகம்" என்பதற்கும் "செல்லும்" என்பதற்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் நீண்டது போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாள் விரல் முந்துவதற்குள் இருமல் முந்திக்கொண்டது. எட்டு ஒலிபெருக்கியிலும் அவள் இருமினாள். கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. நிலையமே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்ததில் மறுபடி இருமினாள்.

அன்றிலிருந்து துவாரம் வழியாக மருந்து வர ஆரம்பித்தது. ஒரு பயணி இருமல் மிட்டாய் நீட்டினார். இன்னொருவர் சின்னப் புட்டியில் தேன். பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி இஞ்சியும் மிளகும் கொதிக்க வைத்த தண்ணீரைப் பிளாஸ்கில் கொண்டு வந்தாள். டிக்கெட் கவுண்டர்க்காரி மேசையைப் பார்த்துவிட்டு, "அக்கா, பேசாம பலகை மாட்டிடலாம். இங்கு பஸ் விவரமும் மருந்தும் கிடைக்கும்னு" என்றாள்.

இருமல் எதற்கும் கேட்கவில்லை. தேன் போட்டால் அரை மணி நேரம் அடங்கியிருக்கும். பிறகு வட்டியோடு வரும்.

துறைமுக வண்டியின் ஓட்டுநரை எல்லோரும் ஹாரன் அண்ணன் என்பார்கள். காலி ரோட்டிலும் ஹாரன் அடிக்கிறவர். அவரிடம் மைக்கக்கா கேட்டாள்: "அண்ணே, கிளம்பறப்ப மட்டும் இன்ஜினைப் போடக் கூடாதா? எனக்குப் புகை ஒத்துக்கல."

"எனக்கு என்னக்கா, நிறுத்தி வைக்கலாம். நிறுத்தினா மறுபடி கிளம்புமான்னு வண்டிக்கே தெரியாது. இன்னிக்குக் காலையில எட்டுப் பேர் இறங்கித் தள்ளினாங்க."

ஆனால் மனுஷர் யோசித்தார். மறுநாள் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவராமல் முகத்தை உள்ளே விட்டு நிறுத்தினார். புகைக்குழாய் சாலைப் பக்கம் போனது. வெளியே எடுக்கும்போது நடத்துநர் பின்னால் நின்று விசில் ஊத வேண்டியிருந்தது, அதற்கு அவர் இரண்டு நாள் முணுமுணுத்தார். நிலைய மேலாளர் பார்த்துவிட்டு, மூன்றாவது, நான்காவது மேடைகளில் எல்லா வண்டியும் இப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார். கூண்டுக்குள் புகை பாதியாகக் குறைந்தது. இருமல் பாதியாகக் குறையவில்லை. கொஞ்சம் குறைந்தது. புகைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்ட அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது.

இனி வீட்டுப் புகையைச் சொல்ல வேண்டும்.

அவள் கணவர் அடுத்த தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டித் தருவார், படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவார். ஊரில் கண்ணாடிக்காரர் என்றால் போதும். கை நிதானமான மனிதர். கண்ணாடி வெட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கேட்காதது போல் இருந்துவிடுவார். ஒரு பழக்கம்தான். சாயங்காலம் கடையை மூடி வீட்டுக்கு வந்ததும் பின்பக்க பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. காலையிலும் உண்டு. கல்யாணமான புதிதில் மைக்கக்கா சொல்லிப் பார்த்தாள், கோபித்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு மகள் பிறந்தாள், வேலை கிடைத்தது, சொல்வதற்கு வேறு எத்தனையோ வந்துவிட்டன. அந்தப் புகை வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாவியைத் தேடி அவள் வேலைக்கு எடுத்துப்போகும் பையைக் கவிழ்த்தார். சாவியோடு ஒரு பாலிதீன் பையில் மடித்து வைத்த மாற்று உள்ளாடைகளும் விழுந்தன.

"இது எதுக்கு வேலைக்குக் கொண்டு போற?"

மைக்கக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"இருமறப்ப சில நேரம் அடக்க முடியறதில்ல. நனைஞ்சுடுது. அதான்."

அவர் துணிகளை விழுந்தபடியே மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். கூண்டிலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார். டிக்கெட் கவுண்டரைத் தாண்டிப் போகணும் என்றாள்.

அன்று சாயங்காலம் பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். நான்காவது நாள்தான் அவளுக்குப் புரிந்தது. சட்டையைத் துவைக்க எடுத்தபோது அதில் வேர்வை நாற்றம் மட்டும்தான் இருந்தது.

விட்டுவிட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் விட்டது வீட்டில் எல்லா மூலையிலும் தெரிந்தது. சாப்பாட்டில் குறை சொன்னார். கதவு சத்தமாகச் சாத்தப்படுகிறது என்றார், சாத்தியது அவர்தான். கடையில் ஒரே வாரத்தில் இரண்டு கண்ணாடியைத் தப்பாக வெட்டினார். வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே இருந்தார். கிராம்பு, ஏலக்காய், கடைசியில் தீக்குச்சி.

இவ்வளவுக்குப் பிறகும் இருமல் போகவில்லை.

"உடனே போகாது. முப்பது வருஷப் புகை, சுவரெல்லாம் ஏறியிருக்கும்," என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் ஏணியைப் போட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றினார். வாளியில் ஊற வைத்த தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தை எடுத்தார். அது இருந்த இடம் மட்டும் வட்டமாக வெள்ளையாக இருந்தது, மற்ற சுவர் பழுப்பு. இருவரும் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அவர் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுவரைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை துடைத்தார்.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். போனில் விஷயம் கேட்டதும் அவளுக்கு நம்ப முடியவில்லை. "நான் சின்ன வயசுல அழுது கேட்டேன், விடலை. உன் இருமல் சாதிச்சிடுச்சும்மா" என்றாள்.

வயதான டாக்டர் மார்பில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சுத்தமாக இருந்தது. சிரப் எழுதினார். தீர்ந்தது. வேறு சிரப் எழுதினார். இரண்டு மாதம் இப்படியே போனது. மைக்கக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கூண்டுக்கு வெளியே யாராவது பேசினால் தலையசைத்தாள். இருக்கிற குரலையெல்லாம் மைக்குக்காகச் சேர்த்து வைத்தாள். ஒரு தடவை மருத்துவமனை வண்டியின் மேடை மாறியதை அறிவிக்கும் நேரத்தில் இருமல் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் மறுபடி மைக்கைப் போட்டபோது வண்டி வெளிவாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலோடு ஒரு அம்மாள் காலி மேடையில் நின்றார். மைக்கக்கா கூண்டைவிட்டு வெளியே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அடுத்த வண்டி வரும்வரை அவரைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டே அறிவித்தாள். அன்று வீடு திரும்பும்போது, வேறு வேலைக்கு மாற்றிக் கேட்கலாமா என்று முதன்முறையாக நினைத்தாள்.

அடுத்த முறை போனபோது வயதான டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் ஒரு இளம் பெண் டாக்டர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"இருமலுக்கு இந்த சிரப் மட்டும்தான் டாக்டர்."

"இருமலுக்கு இல்ல. எதுக்காக இருந்தாலும் சரி."

"பிரஷருக்கு ஒண்ணு. அது வேற."

"அதைக் காட்டுங்க."

புதிதாக வாங்க வேண்டும் என்று கைப்பையில் போட்டு வந்திருந்த பழைய அட்டையை மைக்கக்கா எடுத்தாள். டாக்டர் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். எப்போதிலிருந்து மாத்திரை, எப்போதிலிருந்து இருமல் என்று கேட்டாள். பிறகு அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"இந்த வகை மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனா சிலருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டு வந்துடும். சளி இருக்காது, எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, சிரப்புக்கு அடங்காது. நீங்க சொல்றது அப்படியே அதுதான்."

"அப்ப இன்னிக்கே நிறுத்திடறேன்," என்றாள் மைக்கக்கா.

"நீங்களா நிறுத்தக் கூடாது. பிரஷர் ஏறிக்கும். இதுக்குப் பதிலா வேற வகை எழுதறேன், நாளையிலிருந்து அதைச் சாப்பிடுங்க. இருமல் டக்குனு நிக்காது, ஒரு மாசம் ஆகலாம், சிலருக்கு மூணு மாசம்கூட. பொறுத்துக்கணும்."

பிறகு மூச்சின் பலத்தை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னாள். குழாயின் பக்கத்தில் ஒரு முள் நகர்ந்து நின்றது. பரவாயில்லை என்றாள். புகை இருக்கும் நேரத்தில் முகக்கவசம் போடச் சொன்னாள். துவாரத்துக்கு ஒரு மூடி போடச் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மைக்கக்காவுக்கு மனசு லேசாக இருந்தது. தெரு முனை திரும்பியபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்து நடை மெதுவானது. வீட்டில் ஒரு மனிதர் தீக்குச்சி மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"மாத்திரையை மாத்திக் குடுத்திருக்காங்க."

"இருமலுக்கா?"

"ம்."

பொய் இல்லை. முழுசும் இல்லை.

புது மாத்திரை வேலை செய்தது. மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரத்தில் ஒரு காலை, பல் விளக்கி முடித்த பிறகுதான், விடிந்ததிலிருந்து இருமவில்லை என்பதைக் கவனித்தாள். பிறகு அரை நாள், பிறகு ஒரு நாள். பைக்குள் இருந்த பாலிதீன் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேன்ல? சுவர்ப் புகை போக நாளாகும்னு." கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்தவர் அளவு சொல்வதற்குமுன் இந்தக் கதையைக் கேட்க வேண்டியிருந்தது. "நான் சிகரெட்டை விட்டேன், இருமல் அவளை விட்டுச்சு" என்பார். எதிர்க்கடைக்காரர் இதைக் கேட்டுத் தானும் விடப்போவதாகச் சொன்னாராம்.

மைக்கக்கா டிக்கெட் கவுண்டர்க்காரியிடமும் மகளிடமும் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"அக்கா, வாயே திறக்காதீங்க. எந்த டாக்டராலும் முடியாததை உங்க இருமல் செஞ்சிருக்கு. அப்படியே விடுங்க."

மகளும் அதையேதான் சொன்னாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. இது நல்ல பொய்."

மைக்கக்காவும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஒரு மாலை இருவரும் மறுபடி துவைத்த திரைச்சீலைகளைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஏணி மேல். அவள் கீழே நின்று எடுத்துக் கொடுத்தாள். அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருஷமா உன்னை நான் புகைக்குள்ள உக்கார வெச்சிருக்கேன். வேலைக்குப் போற இடத்துல துணி மாத்தற அளவுக்கு. அந்தப் பையை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல."

அவள் கையில் இருந்த திரைச்சீலையை மடித்து நாற்காலியில் வைத்தாள்.

"கீழ இறங்குங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"இதை மாட்டிட்டு வரேன்."

"ஏணி மேல இருக்கறப்ப வேணாம்."

அவர் இறங்கினார். அவள் சொன்னாள். டாக்டர் கேட்ட கேள்வி, மாத்திரை அட்டை, நாள் கணக்கு, எல்லாம். உங்க சிகரெட்டால வந்த இருமல் இல்லை இது, அந்தப் பைக்கு நீங்க காரணம் இல்லை என்றாள்.

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மாத்திரை மாத்தின அன்னிக்கே."

"வேற யாருக்குத் தெரியும்?"

"நம்ம பொண்ணுக்கு. டிக்கெட் கவுண்டர்ல இருக்கற பொண்ணுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ ஹாரன் அண்ணன்கிட்ட சொல்லியிருப்பா."

"அப்ப துறைமுகம் வரைக்கும் தெரியும். எனக்கு ஒருத்தனுக்கு மட்டும் நீ மைக்ல சொல்லல."

குரலை உயர்த்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். முக்குக் கடைவரை போய் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தில் திரும்பினார். நேராகப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. இந்த முறை மெல்லுவதற்கு இல்லை.

மைக்கக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். தடுக்க என்ன நியாயம் இருக்கிறது என்று நினைத்தாள். கதவின் அடியில் விரல் அளவு சந்து உண்டு. கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தொண்டையில் அந்த வருடல் வந்தது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். வேண்டுமென்று இருமுகிறாள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை. அடக்கினால் நிற்கிற பொருளா அது. இரண்டு முறை இருமினாள்.

பால்கனிக் கதவு திறந்தது. அவர் கையில் சிகரெட் இல்லை.

"இது மாத்திரையா, நானா?"

"தெரியலைங்க. நான் வேணும்னு இருமல."

"அது எனக்குத் தெரியாதா," என்று சொல்லிவிட்டுக் கதவுச் சந்தைப் பார்த்தார். "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப நானும் வரேன். நானே கேட்டுக்கறேன். இனிமே எனக்கு இன்னொருத்தர் வாயால வேணாம்."

அதுவரைக்கும் அவர் பிடித்தார். பால்கனியில் இல்லை, தெருவில் நடந்துகொண்டே, நாளைக்கு ஒன்றோ இரண்டோ. மைக்கக்கா கண்டும் காணாமல் இருந்தாள். இருவரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் அளந்து.

டாக்டர் அறையில் கண்ணாடிக்காரர் சுற்றி வளைக்கவில்லை. "டாக்டர், இவ இருமலுக்கு மாத்திரை எவ்வளவு காரணம், என் சிகரெட் எவ்வளவு காரணம்? எனக்குப் பிரிச்சுச் சொல்லுங்க."

"அப்படிப் பிரிக்க முடியாதுங்க. மாத்திரைதான் அவங்க தொண்டையைக் கூச்சமாக்கினது. கூசற தொண்டையில புகை பட்டா சும்மா இருக்குமா? பஸ் புகையும் சேரும், உங்க புகையும் சேரும். மாத்திரையை எடுத்தாச்சு, அதனால பெரிய இருமல் போயிடுச்சு. மிச்சம் இருக்கறது புகைக்கு வர்றது. அது எவ்வளவு நாள் இருக்கும்னு எனக்குத் தெரியாது. புகையைக் குறைச்சா குறையும்."

அவர் தலையை ஆட்டினார். பதில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. டாக்டர் மைக்கக்காவை ஊதச் சொன்னாள். முள் போன தடவையைவிட நன்றாகவே ஏறியது. பிறகு புது முனை ஒன்றை மாட்டிக் குழாயை அவர் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு என்ன? நான் இருமறதே இல்லையே."

"வந்திருக்கீங்க, ஊதிட்டுப் போங்களேன்."

அவர் மார்பை நிமிர்த்தி, கன்னம் உப்ப ஊதினார். முள் கொஞ்சம் ஏறி நின்றது. குழாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஊதினார். அதே இடம். மூன்றாவது முறை ஊதியதில் கழுத்து நரம்பு புடைத்தது. முள் அங்கேயே நின்றது.

"இவளைவிடக் கம்மியா?"

"உங்க உயரத்துக்கு இவங்களைவிட நிறையவே வரணும்," என்றாள் டாக்டர். "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"வயசாயிடுச்சு, வாங்காதா."

மைக்கக்கா அவரைப் பார்த்தாள். கண்ணாடித் தகட்டை இப்போதெல்லாம் அவர் இரண்டு தவணையாகத்தான் கடைக்குள் கொண்டு போகிறார், நடுவில் வாசல் படியில் உட்கார்ந்துவிடுகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய இருமல் சத்தத்தில் வேறு எதுவும் வீட்டில் கேட்கவில்லை. இத்தனை மாதம் எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் உட்பட.

டாக்டர் அவருக்கு எக்ஸ்ரேயும் இன்னும் சில சோதனைகளும் எழுதினாள். பயப்படும்படி எதுவும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. நுரையீரல் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். போனது திரும்பாது, மேற்கொண்டு தேயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். காலையில் மூச்சோடு இழுக்க ஒரு மருந்துக் குழல் கொடுத்தாள். இருவரும் தினமும் நடக்க வேண்டும் என்றாள்.

அன்று திரும்பி வரும் வழியில் அவர் பேருந்தில் ஜன்னல் ஓரம் அவளை உட்கார வைத்துவிட்டுத் தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருக்க மாட்டேன்," என்றார்.

"சொன்னதுக்குக் கோவமா போனீங்க."

"கோவம்தான். இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதுக்கு என்ன பண்ண?"

சுத்தமாக விட்டுவிட்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. விட்டார், நழுவினார், மறுபடி விட்டார். ஒரு முறை ஆள் உயரக் கண்ணாடி ஒன்று வண்டியிலிருந்து இறக்கும்போது உடைந்துபோன நாளில் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் அவராகவே சொன்னார். மைக்கக்கா சரி என்றாள், உபதேசம் பண்ணவில்லை. அதற்குப் பிறகு நாலு மாதமாக இல்லை. கடையில் தன் கதையைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். யாராவது ஞாபகப்படுத்திக் கேட்டால், "அது வேற மாதிரி ஆயிடுச்சு" என்று சொல்லி அளவு நாடாவை எடுப்பார்.

மைக்கக்கா வேலையை மாற்றிக் கேட்கவில்லை. துவாரத்துக்கு அவரே தள்ளித் திறக்கும் கண்ணாடி மூடி ஒன்று செய்து மாட்டினார். கூட்ட நேரத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்கிறாள். அறிவிக்கும்போது மட்டும் தாடைக்கு இறக்குவாள். மழைக்கு முந்தின நாள்களில், புகை கீழேயே தங்கும்போது, இன்னமும் இருமல் வரும். வரும், இரண்டு முறை தட்டிவிட்டுப் போய்விடும். அவளுக்கு அதன் போக்குவரத்து பழகிவிட்டது. தண்ணீர் குடிப்பாள், மூக்கால் மெதுவாக மூச்சை இழுப்பாள், காத்திருப்பாள். எந்த டாக்டரிடம் போனாலும் இப்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலையில் வண்டிகள் நடமாடத் தொடங்கும் முன் இருவரும் வாய்க்கால் ஓரமாக நடக்கிறார்கள். பாதையில் ஒரு சின்னப் பாலம் உண்டு, கொஞ்சம் மேடு. அவள் ஏறிப் போய் உச்சியில் நின்று திரும்பிப் பார்ப்பாள். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார்.

"உக்காந்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

"உக்காந்தா எந்திரிக்க மனசு வராது," என்றார், மூச்சு சமமாகும்வரை நின்று. "நீ நட. நான் வரேன்."

"சேந்தே போகலாம். எனக்கு இன்னிக்கு மதியம்தான் வேலை."

அவர் சட்டைப் பையிலிருந்து குழலை எடுத்து ஒரு முறை இழுத்துக்கொண்டார். அவள் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இருவரும் பாலத்தின் மறுபக்கம் இறங்கினார்கள்.